புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியை வீட்டிலேயே சாணை பிடிக்கலாமா?

செம்பவாங் மூலைவீடு (இழையைத் தொடங்கியவர்) | சனிக்கிழமை, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள ஒரு மூலைத் தரைவீடு. முன்புறமும் பக்கவாட்டிலும் கவ் கிராஸ் என்னும் புல் வளர்ந்திருக்கிறது. தந்தையார் இருந்தவரை புல்தரை முழுவதும் அவர் பொறுப்பு. இந்த ஆண்டுதான் அது என் கைக்கு வந்தது. இயந்திரம் பெட்ரோலில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது, கத்தியின் நீளம் 46 சென்டிமீட்டர்.

ஒரு மாதமாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். வெட்டிய அன்று பச்சையாகத் தெரியும் தரை, மறுநாள் மாலைக்குள் வெளிறிய பழுப்பாக மாறிவிடுகிறது. நேற்று குனிந்து ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். நுனி நேராக அறுபடவில்லை; நூல் நூலாகக் கிழிந்து, அந்த நூல்களின் முனை காய்ந்து வெளுத்திருந்தது. கத்தி மழுங்கியதால்தான் இப்படி என்று ஊகிக்கிறேன்.

தந்தையார் ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூசைக்கு முந்தைய நாள் கத்தியைக் கழற்றி அரம் போட்டு, எண்ணெய் துடைத்து, மற்றக் கருவிகளோடு சேர்த்துப் பொட்டு வைப்பார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, என் கையால் ஒருமுறைகூடச் செய்ததில்லை. என் மனைவிக்கு இதில் மிகுந்த அச்சம். பழக்கமில்லாத ஒருவர் வீட்டிலேயே இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா? முடியுமென்றால் எதை முதலில் செய்ய வேண்டும்?

---

பட்டறை மாமா | சனிக்கிழமை, காலை 11.15

தம்பி, தாராளமாகச் செய்யலாம். உங்கள் மனைவியின் அச்சமும் நியாயமானதுதான். ஆனால் அச்சப்பட வேண்டிய இடம் எது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அரம் போடும்போது காயம் பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கத்தி இயந்திரத்தில் இருக்கும்போது அடியில் கையை விட்டவர்களும், போல்ட்டைத் தளர்த்தும்போது ஸ்பேனர் நழுவி முட்டியைக் கிழித்துக்கொண்டவர்களும்தான் பெரும்பாலோர்.

நானும் அவர்களில் ஒருவன் என்பதால் சொல்கிறேன். 15 ஆண்டுகளுக்கு முன்பு, டிசம்பர் மழைக்காலத்தில், ஈரப்புல் அடியில் அடைத்துக்கொண்டு எஞ்சின் தானாக நின்றுவிட்டது. பழைய இயந்திரம், கைப்பிடியை விட்டால் நிற்கும் அமைப்பு அதில் இல்லை, விசையும் ஓடும் நிலையிலேயே இருந்தது. எஞ்சின்தான் நின்றுவிட்டதே என்று நினைத்து, அடைப்பை எடுக்கக் கையை விட்டுக் கத்தியை அரைச் சுற்று திருப்பினேன். சூடாக இருந்த எஞ்சின் ஒரே ஓர் உதை உதைத்தது. மோதிர விரலிலும் நடுவிரலிலும் சேர்த்து 7 தையல். குளிர்ந்த நீரில் கை வைத்தால் அந்த இடம் இன்றும் மரத்துப்போகிறது.

அது ஏன் நடந்தது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். இந்த எஞ்சினுக்குப் பொறி எழுப்ப பேட்டரி தேவையில்லை. எஞ்சின் தண்டின் ஒரு முனையில் சுழலும் சக்கரத்தில் உள்ள காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து சென்றாலே போதும், ஸ்பார்க் பிளக்கில் மின்பொறி தெறிக்கும். கத்தி அந்தத் தண்டின் மறுமுனையில் இருப்பதால், கத்தியைக் கையால் சுற்றுவதும் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புவதும் ஏறத்தாழ ஒரே செயல். புதிய இயந்திரங்களில் கைப்பிடியை விட்டதும் கத்தி 3 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982 முதல் உள்ள விதி. அது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அதை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, எஞ்சின் நன்கு ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, அது தானாக மீண்டும் பிளக்கைத் தொடாதபடி தள்ளிக் கட்டிவைப்பது. அதன் பிறகே மற்றவை. பெட்ரோல் குழாயை மூடுங்கள். தொட்டியில் எரிபொருள் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இயந்திரத்தைச் சாய்க்கும்போது காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் மேற்பக்கமாக இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் எண்ணெய் அந்தக் காற்று வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்த முறை கிளப்பும்போது வெண்புகையும் தொல்லையுமாக இருக்கும்.

சாய்த்ததும் கத்தியைத் தொடாமல் அடிப்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியின் தரையைப் பார்க்கும் பக்கத்தில் பெயின்டால் ஒரு புள்ளியும் வையுங்கள். தலைகீழாக மாட்டிவிட்டு, "சாணை பிடித்தும் வெட்டவில்லையே" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. கத்தியின் முனையில் காற்றை மேலிழுப்பதற்காக மடிந்திருக்கும் இறக்கை எப்போதும் இயந்திரத்தின் கூட்டை நோக்கியே இருக்க வேண்டும்.

---

ஈசூன் பச்சை | சனிக்கிழமை, நண்பகல் 12.30

இவ்வளவு சிரமம் தேவையா என்று தோன்றுகிறது. நான் கத்தியைக் கழற்றுவதே இல்லை. இயந்திரத்தைச் சாய்த்து, கத்தி இருக்கும் இடத்திலேயே இரண்டு பக்கமும் 10 நிமிடம் அரம் போடுவேன். பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன். புல் நன்றாகவே வெட்டுகிறது.

---

நிலவனப்பு மேற்பார்வையாளர் | சனிக்கிழமை, பிற்பகல் 2.05

ஈசூன் அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் புதிதாகக் கற்பவர் ஒருவர் கேட்டிருப்பதால் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் புல் வெட்டும் பணியாளர் குழு ஒன்றை நடத்துகிறேன். என் குழுவில் பெரும்பாலோர் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தம்பிகள். ஊரில் அரிவாள் பிடித்துப் பழகிய கைகள் என்பதால் கூர் பார்ப்பது அவர்களுக்கு இயல்பாகவே வரும். இருந்தும், கத்தியை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே அரம் போட யாரையும் அனுமதிப்பதில்லை.

காரணங்கள் மூன்று. அரத்தை அழுத்தும்போது கத்தி சுற்றிக்கொண்டு விலகும். விலகும் கத்தியை மற்றொரு கை தன்னையறியாமல் பிடிக்கப் போகும். அடுத்து, இரண்டு முனைகளிலும் ஒரே அளவு உலோகம் போயிருக்கிறதா என்பதைக் கத்தி மாட்டியிருக்கும்போது அறியவே முடியாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: கத்தியைக் கழற்றினால்தான் போல்ட் துளையைச் சுற்றியும், இறக்கை மடியும் இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க முடியும். மண் அப்பியிருக்கும் கத்தியில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்த பிறகு, இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அதன் ஆற்றலைத் துண்டிப்பது எங்கள் தொழிலில் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. கழற்றிய பிளக் தொப்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுவோம். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருபவருக்கும் வேலை பாதியில் இருப்பது அந்தத் துணியைப் பார்த்ததும் புரிந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை நீங்களும் செய்யுங்கள்.

---

செம்பவாங் மூலைவீடு | சனிக்கிழமை, மாலை 6.50

பட்டறை மாமாவுக்கும் மேற்பார்வையாளர் அண்ணனுக்கும் மிக்க நன்றி. பிளக் தொப்பியைக் கழற்றி, நீங்கள் சொன்னபடியே சாய்த்தும் விட்டேன். ஆனால் போல்ட் அசையவே மறுக்கிறது. துருப்பிடித்திருக்கிறது. வாய் திறந்த ஸ்பேனரை வைத்து அழுத்தினால் போல்ட்டின் தலை மழுங்கத் தொடங்குகிறது. கத்தியும் கூடவே சுற்றுகிறது. சுத்தியலால் தட்டலாமா?

---

பட்டறை மாமா | சனிக்கிழமை, இரவு 8.10

வேண்டாம், தம்பி. அந்த அடி போல்ட்டோடு நிற்காது. எஞ்சின் தண்டுக்கும் போகும். தண்டு மயிரிழை வளைந்தாலும் இயந்திரம் அதன் பிறகு நிதானமாக ஓடாது.

துருவில் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். கத்தி சுற்றாமலிருக்க, கத்தியின் முனைக்கும் கூட்டின் உட்சுவருக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை அணையாக வையுங்கள். கட்டை நழுவாமலிருக்க ஜி கிளாம்ப் கொண்டு கூட்டோடு இறுக்கிவிட்டால் இன்னும் நல்லது. காலால் மிதித்துக்கொண்டு திருகுவதும் வேண்டாம், ஒரு கையால் கத்தியைப் பிடித்துக்கொள்வதும் வேண்டவே வேண்டாம். வாய் திறந்த ஸ்பேனரை எடுத்து வைத்துவிட்டு, ஆறு முகம் கொண்ட சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் வாங்குங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் போல்ட்டின் அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

திருகும்போது கைப்பிடியை உங்களை நோக்கி இழுக்கும்படி நில்லுங்கள். கத்தியின் வாய்ப்பக்கமாகத் தள்ளினால், போல்ட் திடீரென விடுபடும் அந்த நொடியில் உங்கள் முட்டி நேரே கத்தியில் போய் விழும். தடித்த தோல் கையுறை அணிந்திருந்தாலும் வாய்ப்பக்கத்தை ஒரு பழைய துணியால் சுற்றிவிடுங்கள்.

---

ஜூரோங் கடைசல்காரர் | ஞாயிறு, காலை 8.30

நான் ஜூரோங்கில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாணை பிடிக்கும் கட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு கூர் வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மவர்கள் அரிவாளையும் அரிவாள்மணையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மயிரை வழிக்கும் அளவுக்குக் கூர் ஏற்றப் பார்ப்பார்கள். அது இங்கே தவறு. அரிவாள் புல்லை இழுத்து அறுக்கிறது. இந்தக் கத்தியோ வேகத்தால் வெட்டுகிறது. 46 சென்டிமீட்டர் கத்தி நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றும்போது அதன் முனை விநாடிக்கு 72 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 260 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் மெல்லிய கூர் மண்ணையும் சிறு கல்லையும் தொட்ட முதல் நாளே மடிந்துவிடும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியைவிடச் சற்றே கூர் கூடுதலாக இருந்தால் போதும். விளிம்பு ஒரே சீராக, பல்லில்லாமல் இருப்பதுதான் முக்கியம். கோணம் 30 முதல் 45 பாகைக்குள் இருக்கும். புதிதாக ஒரு கோணத்தை நீங்களாக உண்டாக்க வேண்டாம்; பழைய சரிவின்மேல் அரத்தைப் படியவைத்து அதையே தொடருங்கள்.

கத்தியை வைஸ் எனும் பிடிப்புக் கருவியில் இறுக்கி, அரத்தை உங்களிடமிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். தேய்த்துக்கொண்டே இழுத்தால் அரத்தின் பற்கள்தான் கெடும். மேற்சரிவில் மட்டும் தேய்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் சிலும்பு எழும்பியிருந்தால் அதை லேசாக ஒருமுறை நீவி எடுத்தால் போதும். முதல்முறை செய்பவருக்கு அரமே உகந்தது. அரை மணி நேரம் ஆகலாம். ஆனால் அரத்தால் கத்தியைக் கெடுப்பது கடினம்.

கிரைண்டரால் கெடுப்பது மிக எளிது. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் முதலில் விளிம்பு வைக்கோல் நிறமாகும், பிறகு ஊதாவாகும், பிறகு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். அங்கே எஃகின் பதம் மாறி, கூர் முன்போல நிற்காது. கிரைண்டர்தான் வேண்டுமென்றால் மெல்லத் தொட்டு எடுங்கள், விரலால் தொட முடியாத அளவுக்குச் சுட விடாதீர்கள். 100 மில்லிமீட்டர் கிரைண்டர்கள் நிமிடத்திற்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடுபவை. தட்டின்மேல் அச்சிட்டிருக்கும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. தட்டின் நடுவளையத்தில் காலாவதியாகும் மாதமும் ஆண்டும் இருக்கும், அதையும் பாருங்கள்; தட்டைப் பிணைத்திருக்கும் பிசின், நம் ஊர் ஈரப்பதத்தில் கிடந்து வலுவிழக்கும். காப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள். கண்ணாடி பக்கவாட்டையும் மூடுவதாக இருக்கட்டும். பெட்ரோல் இயந்திரம் நிற்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி வந்த பிறகே தீப்பொறி பறக்க விடுங்கள்.

இனிச் சமநிலை. சுவரில் ஓர் ஆணியைக் கிடைமட்டமாக அடித்து, கத்தியின் நடுத்துளையை அதில் மாட்டிப் படுக்கையாக நிறுத்திக் கையை விடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம். தாழ்ந்த பக்கத்தின் வாயில் இன்னும் சிறிது தேய்த்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். இறக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள். கத்தி அசையாமல் கிடையாக நிற்கும்வரை இதைப் பொறுமையாகத் தொடர வேண்டும். "சிறிது சாய்ந்தால் என்ன" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது தண்டை ஏறத்தாழ 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் இழுக்கும். விநாடிக்கு 50 முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில். கைப்பிடி நடுங்குவதும், திருகுகள் தளர்வதும், தண்டின் தாங்கிகள் தேய்வதும் அதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நேரமில்லாமல் ஒரு கடையில் கொடுத்துச் சாணை பிடித்தேன். கத்தி பளபளவென்று வந்தது. ஆணியில் மாட்டியபோது ஒரு பக்கம் கல் கட்டியதுபோல் விழுந்தது. கடையில் பிடித்தாலும் ஆணியில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டே இயந்திரத்தில் ஏற்றுங்கள்.

---

செராங்கூன் கார்டன்ஸ் அம்மா | ஞாயிறு, காலை 10.20

நான் பேட்டரியில் ஓடும் இயந்திரம் வைத்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக்கே இல்லாததால் எனக்கு இந்த அபாயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா, ஐயா? மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேறு வீட்டில் பொருத்தியிருக்கிறோம்.

---

நிலவனப்பு மேற்பார்வையாளர் | ஞாயிறு, காலை 11.00

அம்மா, அபாயம் வேறு வடிவில் இருக்கிறது. பேட்டரி இயந்திரம் ஓசையின்றி நிற்பதால் அது தயார்நிலையில் இருப்பதே தெரியாது. விசையை அணைப்பது போதாது. பேட்டரியை வெளியே எடுத்து, பாதுகாப்புச் சாவி இருந்தால் அதையும் பிடுங்கி, இரண்டையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்த பிறகே சாய்க்கவேண்டும். கம்பி வைத்த மின்னியந்திரம் என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, அது உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்சிசிபி எல்லா வீடுகளிலும் 2025 ஜூலை 1க்குள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மிக நல்ல விதி. ஆனால் அது மின்கசிவிலிருந்து உயிரைக் காக்கும் கருவி. சுற்றும் கத்தியிலிருந்து விரலைக் காக்க அதனால் இயலாது.

---

ஈசூன் பச்சை | ஞாயிறு, பிற்பகல் 1.45

மேற்பார்வையாளர் தம்பி சொன்னதை நேற்று இரவு நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்று காலை முதன்முறையாகக் கத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு பக்கம் சட்டென்று தாழ்ந்தது. அளந்து பார்த்தால், இயந்திரத்தைச் சாய்த்தபடி என் வலக்கைக்கு வசதியாக இருந்த முனை மற்ற முனையைவிட 4 மில்லிமீட்டர் அகலம் குறைந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கைப்பிடி நடுங்கியது எஞ்சின் பழசானதால் என்று எண்ணியிருந்தேன். என் முந்தைய பதிவைப் படித்து யாரும் அப்படியே செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

திடல் பராமரிப்பு, ஓய்வு | ஞாயிறு, இரவு 9.00

கோல்ஃப் திடலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. இங்கே பேசுவது அனைத்தும் தரைக்கு இணையாகச் சுற்றும் ஒற்றைக் கத்திக்கு உரியவை. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் உருவாக்கிய முதல் இயந்திரம் உருளை வகை. துணியின் மேற்பரப்பைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அந்த வகை இன்றும் இருக்கிறது. அதில் உருளைக் கத்திகள் அடியில் உள்ள நிலையான தகட்டோடு கத்திரிக்கோல்போல் உரசி வெட்டும். அதைத் தனித்தனியாக அரம் போட்டால் அந்த உரசல் கெட்டு, பிறகு காகிதத்தைக்கூட வெட்டாது. உருளையைப் பின்னோக்கிச் சுற்றிச் சாணைப்பசை தடவும் முறை அதற்கு வேறாக இருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 முதல் 25 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை என்பது பொதுவான அளவு. குளிர்நாட்டில் பனிக்காலத்தில் புல் உறங்கும். நமக்கு அந்த ஓய்வு கிடையாது. வாரம் 45 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 39 மணி நேரம் ஆகிறது. ஆகவே ஆயுத பூசைக்கு ஒருமுறை போதாது. தமிழ்ப் புத்தாண்டையொட்டி இன்னொரு முறையும் செய்யுங்கள்.

---

செம்பவாங் மூலைவீடு | அடுத்த ஞாயிறு, மாலை 5.30

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இரவு முழுவதும் எண்ணெயில் ஊறிய போல்ட், மரக்கட்டையும் சாக்கெட்டும் வைத்ததும் ஒரு சிறு கிறீச்சொலியோடு தளர்ந்தது. கழற்றிய கத்தியை மரச்சீவலால் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்தேன். அரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் மேற்பார்வையாளர் அண்ணன் சொன்ன விரிசல் நினைவுக்கு வந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். இறக்கை மடியும் இடத்தில் தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் ஒரு கோடு. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் குறுக்கே இழுத்தபோது நகம் அங்கே தட்டி நின்றது. தந்தையார் பல ஆண்டுகள் அரம் போட்டுத் தேய்த்த கத்தி என்பதால் அந்த இடம் மிகவும் மெலிந்தும் இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். பற்றவைத்துப் பயன்படுத்த இயலுமா?

---

நிலவனப்பு மேற்பார்வையாளர் | அடுத்த ஞாயிறு, மாலை 6.05

இயலாது, அண்ணா. அது விரிசல்தான். பற்றவைத்த இடத்தைச் சுற்றி எஃகின் பதம் கெட்டுவிடும். விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் அந்தத் துண்டு கழன்றால் வேலியைத் தாண்டிப் போகும். வளைந்த கத்தியைத் தட்டி நேராக்குவதும் இதே வகைத் தவறு. உங்கள் இயந்திரத்தின் மாதிரி எண்ணுக்கு உரிய புதிய கத்தியையே வாங்குங்கள், போல்ட்டின் தலை மழுங்கியிருப்பதால் அதையும் வாஷரையும் சேர்த்து வாங்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும்; கை உணர்வை நம்பாமல் அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

பழையதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பை கிழிந்து துப்புரவுப் பணியாளரின் காலில் படும். பழைய பொருள் வாங்கும் கராங்குனிக்காரரிடம் கொடுப்பதானாலும், வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி குறுக்கே அறுத்து, வாய்ப்பக்கத்தில் அட்டை வைத்து நாடாவால் சுற்றிக் கொடுங்கள்.

---

செம்பவாங் மூலைவீடு | புதன்கிழமை, இரவு 7.40

அப்படியே செய்தேன். புதிய கத்தி, புதிய போல்ட், புதிய வாஷர் மூன்றும் மாட்டியாகிவிட்டது. புதியதையும் ஆணியில் மாட்டிப் பார்த்தேன், கிடையாகவே நின்றது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் பிளக் தொப்பியில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணி அவிழ்ந்தது. அதை அவிழ்த்தவர் என் மனைவி. நேற்று மாலை மழைக்கு முன் புல் வெட்டினேன், இன்று ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். நுனி பிளேடால் நறுக்கியதுபோல் நேராக இருக்கிறது, வெளுப்பு இல்லை. பழைய கத்தியை அறுத்ததில், தந்தையார் கடைசியாக வைத்த குங்குமப் பொட்டு போல்ட் துளையின் ஓரத்தில் எண்ணெய்க்கடியில் மங்கலாகத் தெரிந்தது. அந்த நடுத்துண்டை மட்டும் கராங்குனிக்காரரிடம் கொடுக்காமல் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.